நாற்பத்துநான்கு நிமிட நித்திரை

படகு அப்பாவுடையது. அதில் பூட்டும் எஞ்சின் தவராசா மாமாவுடையது. போர் முடிந்து மீளக்குடியேறி வந்த வருடம் உதவியாக ஆளுக்கொன்று கிடைத்ததைச் சேர்த்து முல்லைத்தீவுக் கடலில் தொழில் தொடங்கினார்கள். பிறகு பிரிக்கும் தேவை வரவில்லை. எஞ்சினைப் பிடித்துப் படகை ஓட்டுவது எப்போதும் அப்பாதான். மாமா முன்பக்கத்தில் வலையோடு இருப்பார்.

இந்த வருடம் மாசி மாதம் ஒரு காலை, கடலிலிருந்து திரும்பும்போது, அப்பா எஞ்சினைப் பிடித்தபடியே நித்திரையாகிவிட்டார். படகு எங்கள் துறைக்கு வடக்கே முந்நூறு மீற்றர் தள்ளி முழு வேகத்தில் மணலில் ஏறியது. மாமா முன்னால் தூக்கி வீசப்பட்டார். ஒரு முன்பல் போயிற்று. எஞ்சினின் விசிறி வளைந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். பத்தடி என்பதை அம்மா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாயில் பஞ்சு வைத்திருந்தார். அம்மா போட்ட கதிரையில் இருக்கவில்லை.

"நேசன், இனி நான் ஓட்டுறன். நீ வலையைப் பார்."

"ஒரு நாள் கண் அயர்ந்ததுக்கோ, தவம்?"

"ஒரு நாளோ? போன கிழமை வலையை விட்டுட்டு நிக்கேக்க, கதைச்சுக்கொண்டிருந்த நீ பாதியில குறட்டை விட்டாய். என்ர மச்சாளின்ர கலியாணம் குழம்பின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தனான்."

"அந்தக் கதைக்கு ஆரெண்டாலும் நித்திரையாவினம்."

மாமா சிரிக்கவில்லை. சிரித்தால் வாய் நொந்திருக்கும். "என்ர எஞ்சினில கை வைக்கவேண்டாம். வருத்தம் எண்டால் டொக்டரிட்டக் காட்டி மாத்து. குடி எண்டால் விடு. அதுக்குப் பிறகு பாப்பம்."

அப்பா குடிப்பதில்லை. நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை விட்டவர் பிறகு தொடவில்லை. மாமாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் சொன்னார்.

அடுத்த நாள் அப்பா படகின் முன்பக்கத்தில் இருந்து தொழிலுக்குப் போனார். கரையில் நின்ற மற்றப் படகுக்காரர் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நான் படித்தது உயிரியல் விஞ்ஞானம். பட்டம் கிடைத்து ஒன்றரை வருடம். நியமனம் வரும்வரை வீட்டில் இருக்கிறேன். ஆனால் குறட்டையையும் அசதியையும் சேர்த்துப் பார்க்கப் பட்டம் தேவையில்லை. அப்பாவின் குறட்டை இடையிடையே நின்றுவிடும். பத்து விநாடி, சில வேளை இருபது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர்போல ஒரு பெரிய மூச்சு எடுப்பார். அதை நாங்கள் பகிடியாகத்தான் எடுத்தோம். அயல் வீட்டுப் பேச்சியம்மா அக்கா, "உங்கட மனிசன்ர குறட்டை நிண்டால்தான் எங்கட வீட்டில பிள்ளை முழிக்குது" என்பார். இந்த முறை நான் அந்தச் சத்தத்தைக் கைபேசியில் பதிவுசெய்தேன். விநாடிகளைத் தாளில் எழுதினேன். அம்மாவிடம் காட்டினேன். அம்மா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "நிப்பாட்டு பிள்ளை" என்றார். அந்தக் கிழமையே நாங்கள் மூச்சு வருத்தங்களுக்கான மருத்துவ நிலையம் ஒன்றுக்குப் போனோம். அது ஏ-ஒன்பது வீதியில் இருந்தது. விடியப் பஸ் ஏறினால் ஒன்பது மணிக்குப் போய்ச் சேரலாம்.

டொக்டர் ராஜினி பதிவைக் கேட்டார், தொண்டையைப் பார்த்தார், கழுத்தை நாடாவால் அளந்தார். நித்திரையில் தொண்டை ஒட்டி மூச்சு தடைப்படுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம் என்றார். அதற்கான கருவியைத் தந்தவர் அங்கே வேலை செய்யும் நிஷாந்தன். தாத்தா காலத்தில் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்த குடும்பம். பேச்சில் அது கொஞ்சம் மிச்சம் இருந்தது.

நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஒரு கவ்வி. எல்லாம் ஒரு சிறிய பெட்டியோடு இணைந்திருந்தது.

"இரவு பத்து மணிக்கு அதுவா ஆரம்பிக்கும். காலையில ஆறு மணிக்கு அதுவா நிக்கும். ஐயா வழமைபோலப் படுத்துத் தூங்கினாச் சரி," என்றார் நிஷாந்தன்.

அப்பா அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். அன்று தொழிலுக்குப் போகவில்லை. மாமா வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்பதரை மணிக்கு நானே பட்டியைக் கட்டினேன். குழாயை ஒட்டினேன். பச்சை வெளிச்சம் வந்ததை இரண்டு தரம் பார்த்தேன். நன்றாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

பதினொரு மணிக்கு அப்பா அம்மாவோடு கதைப்பது கேட்டது. "காத்து மாறிட்டுது, யூலி."

"மாறட்டும். நீங்கள் படுங்கோ."

கொஞ்சம் கழித்து, "தவம் இந்நேரம் வலையை விட்டிருப்பான்."

"விடட்டும்."

அம்மா செபமாலை சொல்லத் தொடங்கினார், கேட்டபடியே கண் அயரட்டும் என்று. அப்பா ஐம்பத்துமூன்று மறுமொழிகளையும் பிழையில்லாமல் சொல்லி முடித்தார். கடைசியில் நித்திரையானது அம்மாதான்.

ஒரு கிழமைக்குப் பிறகு முடிவுக்காகப் போனோம். மூன்று பக்கங்கள். டொக்டருக்கு அன்று ஆட்கள் அதிகம். முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"மணித்தியாலத்துக்கு மூன்று தசம் ஒன்பது தடவை. ஐந்துக்குக் குறைவு எண்டால் சாதாரணம். மூச்சுத்தடை இல்லை, ஐயா. உடம்பைக் கொஞ்சம் குறையுங்கோ. தைரொயிட்டையும் ஒருக்காப் பாப்பம்."

நல்ல செய்தி என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அப்பா எழுந்து நன்றி சொன்னார். வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். மாமாவின் குரல் எனக்கும் கேட்டது.

"ஒண்டுமில்லை எண்டாச்சோ? அப்ப என்ன, நேசன். நீயே சொல்லு."

அப்பா கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வருத்தம் இருந்திருந்தால் மருந்து எடுத்து எஞ்சினுக்குத் திரும்பியிருப்பார். வருத்தம் இல்லாத மனிதர் எஞ்சினில் நித்திரை கொண்டால் கரையில் அதற்கு இரண்டே விளக்கம்தான். குடி, இல்லையென்றால் வயது.

பஸ் புளியங்குளத்தில் திரும்பியது. அப்பா யன்னலில் தலை சாய்த்து உடனேயே நித்திரையானார். குறட்டை தொடங்கியது. முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. கையில் இருந்த தாள்களை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தேன். அப்படித்தான் மூன்றாம் பக்கத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

அதில் இரவு முழுவதற்குமான ஒட்சிசன் அளவின் கோடு இருந்தது. பத்து மணியிலிருந்து அதிகாலை நான்கு ஐம்பது வரை அது கரையோர மணல்போலச் சமமாக இருந்தது. நான்கு ஐம்பதிலிருந்து ஐந்து முப்பத்துநான்கு வரை வாள் பல்போல ஏறி இறங்கியது. பிறகு மறுபடி சமம். ஐந்தரைக்கு எங்கள் கோயில் மணி அடிக்கும்.

அப்பா அன்று நித்திரை கொண்டது நாற்பத்துநான்கு நிமிடம்தான்.

தடைப்பட்ட தடவைகள் மொத்தம் முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் அந்த நாற்பத்துநான்கு நிமிடத்துக்குள். கருவிக்கு ஆள் விழித்திருக்கிறாரா, நித்திரையா என்று தெரியாது. அது மூச்சை மட்டும் எண்ணும். எட்டு மணித்தியாலப் பதிவால் பிரித்தால் மூன்று தசம் ஒன்பது. நித்திரை கொண்ட நேரத்தால் பிரித்தால் நாற்பத்திரண்டு. முப்பதுக்கு மேல் என்றால் கடுமையான நிலை.

முப்பது வருடமாக இரவில் கடலில் இருந்து பகலில் படுக்கும் மனிதரை, நாங்கள் ஒரு நாள் இரவில் வீட்டில் படுக்கச் சொல்லி அளந்திருக்கிறோம். பட்டியைக் கட்டியது நான். அவருடைய மகள்.

பக்கத்தில் குறட்டை நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினேழு விநாடி. பிறகு அந்தப் பெரிய மூச்சு. முன்னால் இருந்த பெண் இந்த முறை திடுக்கிட்டுத் திரும்பினார்.

நெடுங்கேணி வந்துவிட்டது. நடத்துநரிடம் இறங்கவேண்டும் என்று சொல்ல நான் எழுந்தேன். முதல் முறை சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. பஸ் சந்தையைத் தாண்டத் தொடங்கியது. இரண்டாம் முறை சொன்னது எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அண்ணை, இறக்கம் இருக்கு. நிப்பாட்டுங்கோ."

அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார். உழவு இயந்திரம் ஒன்று எங்களைக் கடந்து போனது. அவர் சுற்றிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, இது நெடுங்கேணியெல்லோ?"

"ஓம். திரும்பிப் போறம்."

"ஏதும் விட்டுட்டு வந்திட்டியோ?"

"ஓம் அப்பா. ஒரு கணக்கை."

மருத்துவ நிலையத்தில் டொக்டர் கைப்பையோடு வாசலில் நின்றார். பஸ்சில் நான் சொல்வதற்கு நாலு வசனம் தயார்செய்து வைத்திருந்தேன். அவரைக் கண்டதும் நாலும் போய்விட்டன. மூன்றாம் பக்கத்தின் பின்புறத்தில் எழுதியிருந்த பிரித்தல் கணக்கை அப்படியே நீட்டினேன்.

அவர் வாசித்தார். தாளைத் திருப்பிக் கோட்டைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் வழமையா எப்ப படுக்கிறனீங்கள்?"

"காலமை பத்து, பத்தரை. நாலு மணிக்கு எழும்புவன். அஞ்சுக்கு வெளிக்கிட வேணும்."

"இதை ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே டொக்டர். எங்கட கரையில எல்லாரும் அப்பிடித்தான்."

நிஷாந்தன் தலையைச் சொறிந்தார். "பகல்ல செய்யிறதுன்னா நேரத்த நம்ம கையால போடணும், டொக்டர். இதுவரைக்கும் செஞ்சதில்ல."

"அப்ப இண்டைக்குச் செய்யுங்கோ," என்ற டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நான் முதல் பக்கத்தோட நிண்டிட்டன். நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு."

நான் தலையாட்டினேன். 

அடுத்த நாள் அப்பா கடலால் வந்து, வலையைத் தட்டி, மீனைக் கொடுத்து, புட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தார். பட்டியைக் கட்டி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தபடி போனது. பேச்சியம்மா அக்கா வீட்டில் தேங்காய் உடைத்தார்கள். எதுவும் அவரை எழுப்பவில்லை. பகல் நித்திரைக்குப் பழகிய உடம்பு அது. முடிவு வந்தபோது மணித்தியாலத்துக்கு நாற்பத்தாறு என்று இருந்தது. ஒட்சிசன் எழுபத்தெட்டு வரை இறங்கியிருந்தது.

"அப்ப வருத்தம்தான்?" என்று அப்பா கேட்டார்.

"வருத்தம்தான்," என்றார் டொக்டர்.

"நல்லது," என்றார் அப்பா.

சீபாப் என்ற இயந்திரத்தை ஒரு மாதத்துக்கு இரவலாகத் தந்தார்கள். செருப்புப் பெட்டி அளவு. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முடிவில் மூக்கை மூடும் முகமூடி. தொண்டை ஒட்டாதபடி காற்றை மெல்ல அழுத்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். எத்தனை மணித்தியாலம் பாவித்தார், எத்தனை தடவை மூச்சு நின்றது என்பதையும் அதுவே குறித்து வைக்கும்.

முதல் நாள் அப்பா பதினொரு நிமிடம் பாவித்தார்.

"ஏலாது பிள்ளை. எதிர்க்காத்துக்குள்ள வாயைத் திறந்துகொண்டு படகு ஓடுற மாதிரிக் கிடக்கு."

"அது உங்களுக்குப் பழக்கம்தானே."

"படகு ஓடேக்க ஆர் படுத்தது?" என்றுவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நிறுத்தினார். குசினியிலிருந்து அம்மா சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

இரண்டாம் நாள் இருபது நிமிடம். மூன்றாம் நாள் மீசையின் ஓரத்தால் காற்று கசிந்து கண்ணுக்குள் அடித்தது. மீசையை எடுக்கச் சொன்னேன். அதற்கு ஒரு நாள் எடுத்தார். எடுத்துவிட்டு வந்தபோது அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்த முகத்தை எனக்குக் காட்டாமலே கலியாணம் கட்டிப்போட்டார், பார்," என்றார் என்னிடம்.

பிரச்சினை நித்திரை இல்லை என்று எனக்குத் தோன்றியது. படுத்துக்கொண்டு அதைப் போடும்போது அவர் அதை மட்டுமே நினைக்கிறார். அதனால் விழித்திருக்கும்போதே போடச் சொன்னேன், கைக்கு வேலையோடு. மின் இணைப்பை யன்னலால் இழுத்து வெளியே வேம்பின் கீழ் கொண்டுபோனேன். அப்பா முகமூடியைப் போட்டுக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்தத் தொடங்கினார். முதலில் விரல்கள் பிசகின. அரை மணித்தியாலத்தில் ஊசி தன்பாட்டில் ஓடியது. மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது.

வீதியால் போன மாமா சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன நேசன், கடலட்டை பிடிக்கச் சுழியோடப் போறியோ?"

அப்பா முகமூடியைக் கழற்றவில்லை. கையால் போ என்று காட்டினார்.

"கரையிலயே சுழியோடுறாய் போல," என்றுவிட்டு மாமா போனார். வேலிக்கு அப்பால் பேச்சியம்மா அக்காவும் சிரித்தார். நான் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். ஆனால் அப்பா ஊசியை நிறுத்தவில்லை. நானும் நின்றேன்.

ஏழாம் நாள் நான்கு மணித்தியாலம் படுத்தார். எட்டாம் நாள் ஐந்து. ஒன்பதாம் நாள் மூக்கு எரிகிறது என்றார். இயந்திரத்தில் தண்ணீர் வைக்கும் சிறிய தொட்டி ஒன்று உண்டு, காற்று காயாமல் இருக்க. அதைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. நான் விட்டது கடையில் வாங்கிய, காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் எதுவும் மிஞ்சாது. பொருக்கை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு.

"அம்மா, இதுக்குள்ள என்ன விட்டனீங்கள்?"

அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "நான் என்னத்தை விடுறது. கோயில் தீர்த்தம் கொஞ்சம்."

எங்கள் கோயிலில் உப்புச் சேர்த்துத்தான் தண்ணீரை மந்திரிப்பார்கள். பாஸ்கு இரவு, உயிர்த்த ஞாயிறுப் பூசையில், அம்மா ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்திருந்தார்.

"எத்தினை நாளா?"

"முதல் நாள் தொட்டு. பதினொரு நிமிசத்தில கழட்டினவர் இப்ப அஞ்சு மணித்தியாலம் படுக்கிறார். பேந்து எதால எண்டு நினைச்சனி?"

இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இருந்தது. சொல்லவில்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, உள்ளே இருக்கும் தகடு அரித்துவிடும், இரவல் பொருள் என்று மட்டும் சொன்னேன். இரவல் என்றதும் அம்மா போத்தலை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தீர்த்தத்தை இயந்திரத்துக்குள் அல்ல, அப்பாவின் நெற்றியில் பூசினார். தொட்டியை வினாகிரி விட்டுக் கழுவினேன். எரிவு நின்றது.

பதினைந்தாம் நாளுக்குப் பிறகு அப்பா முகமூடியை என்னிடம் கேட்காமல் தானே போட்டார். எழும்பியதும் தேநீருக்கு முன் இயந்திரத்தின் திரையைப் பார்ப்பார். மாலைகளில் கதைத்தார். முன்பெல்லாம் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலேயே தலை தொங்கும். இப்போது செய்தி முழுவதையும் பார்த்துவிட்டு அதைத் திருத்தவும் செய்தார். ஆனால் கடலுக்குப் போகும்போது முன்பக்கத்தில்தான் இருந்தார். மாமாவிடம் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

"நீங்கள் கேளுங்கோவன் அப்பா," என்றேன்.

"எஞ்சின் அவன்ர. பல்லும் அவன்ர. நான் எப்பிடிக் கேக்கிறது?"

இருபத்துமூன்றாம் நாள் மதியம் மாமா மண்ணெண்ணெய்க் கானோடு வந்தார். அம்மா கோயிலில் இருந்தார். நான் தனியே நின்றேன்.

"கொப்பா எங்க? கடல் நல்லாக் கிடக்கு, வேளைக்கு வெளிக்கிடுவம் எண்டு பாத்தன்."

"படுத்திருக்கிறார், மாமா."

"சத்தத்தைக் காணேல்லை."

நான் அறைக் கதவைத் திறந்துவிட்டேன். மாமா நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மின்விசிறிக்குக் கீழே அப்பா ஒருக்களித்துக் கிடந்தார். நெஞ்சு ஏறியது, இறங்கியது. படகில் பதினைந்து வருடம் பக்கத்தில் இருந்தவர் மாமா. அவருக்கு அப்பாவின் மூச்சு எங்கே நிற்கும் என்று தெரியும். அவர் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. தன்னை அறியாமல் அவர் தன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் அவருக்கு மூச்சு முட்டியது. அப்பாவுக்கு ஒரு தரமும் இல்லை.

நான் திரையைத் தொட்டுக் காட்டினேன். "முந்தி மணித்தியாலத்துக்கு நாற்பத்தாறு தரம் மூச்சு நிண்டது, மாமா. இப்ப இரண்டு. இது நேற்றையான் கணக்கு. இது அதுக்கு முதல் நாள்."

"உது முதல் ஒருக்கா ஒண்டுமில்லை எண்டும் சொன்னதெல்லோ?"

"அது வேற பெட்டி. அதிலயும் பிழையில்லை. பிழை என்னில. முழிச்சிருந்த ஆளில பூட்டிப்போட்டு எண்ணினனான்."

மாமா குனிந்து திரையைப் பார்த்தார். "வலையைக் கரையில விரிச்சுப்போட்டு மீன் படேல்லை எண்ட மாதிரி."

"ஓம்."

"அப்ப கடலில? அங்க உதைக் கொண்டுபோக ஏலாதே."

"தேவையில்லை. கடலில அவர் படுக்கக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவா. பகல் இஞ்ச ஆறு மணித்தியாலம் இப்பிடிப் படுத்தால், இரவு முழுக்க முழிச்சிருப்பார். ஒருக்கா அவரிட்டக் குடுத்துப் பாருங்கோ, மாமா. இப்ப உங்கட எஞ்சினுக்கு இவரை விட நல்ல ஆள் இந்தக் கரையில இல்லை."

மாமாவோடு இவ்வளவு நீளமாக நான் முன்பு கதைத்ததில்லை. அவரும் அதைக் கவனித்தார் போல. கானை எடுத்துக்கொண்டு, "நாலு மணிக்கு எழுப்பிவிடு. அதுக்கு முதல் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் நானும் அம்மாவும் கரைக்குப் போனோம். மாமா எஞ்சினைப் பூட்டி, திருகை இறுக்கி, எண்ணெய்க் குழாயைச் சரிபார்த்தார். பிறகு படகின் நீளத்துக்கும் நடந்து முன்னால் போய் வலைக் குவியலில் இருந்தார். அப்பா முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஏறன்," என்றார் மாமா, திரும்பாமல். "உன்ர மகள்தான் சொன்னவள், நீ முழிச்சிருப்பாய் எண்டு. பொய் எண்டால் நான் அவளிட்டத்தான் வருவன்."

அப்பா ஏறினார். கயிற்றை ஒரே இழுவையில் இழுத்தார். எஞ்சின் பிடித்தது. அவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய இடம் முன்னால் இருந்தது.

காலையில் நான் ஆறு மணிக்கே கரையில் நின்றேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. எங்களுடையது நேரே எங்கள் துறைக்கு வந்து, வேகத்தைக் குறைத்து, மணலைத் தொட்டதும் தெரியாமல் நின்றது. மாமா இறங்கினார். இடது கன்னம் முழுவதும் வலைக்கண்ணின் அடையாளம் பதிந்திருந்தது, கட்டம் கட்டமாக.

"மாமா, படுத்தனீங்களோ?"

"சும்மா ஒருக்காச் சரிஞ்சனான்."

"ஒருக்காவோ," என்றார் அப்பா எஞ்சினைத் தூக்கியபடி. "வலையை இழுத்து ஏத்தின நேரம் தொட்டு துறைக்கு வாற நேரம் வரைக்கும். நான்தான் தட்டி எழுப்பினனான். என்ன குறட்டையடா, தவம்."

மாமா கன்னத்தைத் தடவிக்கொண்டார். "ஓட்டுறவன் முழிச்சிருக்கிறான். பேந்து நான் ஏன் முழிச்சிருக்க வேணும்?"

சொல்லிவிட்டு மீன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை அப்பா பிடித்தார். பெட்டி பாரமாக இருந்தது. இரண்டு பேரும் மணலில் ஒரே சீராக அடி வைத்து நடந்தார்கள்.